துணை எஞ்சினும் துணை அட்டையும்: கணினி வரைகலை வரலாற்றில் ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1867 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொணர்வதே அப்பாதையின் தலையாய நோக்கமாயிருந்தது. தாழ்நிலத்திலே தடையின்றி ஓடிவரும் வண்டி, கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையை அடைந்ததும் மலையை எதிர்கொள்கின்றது. அவ்விடத்திலிருந்து கடுகண்ணாவை வரையில் ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கிலே பாதை உயர்கின்றது. நீராவிக் காலத்தில் ஓர் எஞ்சின் தனித்து இழுக்கமாட்டாத பாரத்தை ஏற்றுவதற்காக, ரம்புக்கனையிலே வண்டியின் பின்புறத்தில் இன்னோர் எஞ்சினைப் பூட்டுவர். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். சாரதிகள் இருவராயினும் வண்டி ஒன்றே. ஆதலால் இரண்டும் ஒரே கதியிற் செல்லவேண்டும். ஒன்று முந்தினாலும் மற்றது பிந்தினாலும் அதன் அதிர்ச்சி இடையிலுள்ள பெட்டிகளுக்கே வந்து சேரும்.

புகையிரதத்தைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே பாரத்துக்கு இரண்டு இயந்திரங்களைப் பூட்டும்போது எழும் சிக்கல், கணினியினுள்ளே கடந்த 30 ஆண்டுகளாக வேறொரு வடிவத்தில் இருந்துவருகின்றது. திரையிலே தோன்றும் காட்சிகளை வரைந்தளிக்கும் உறுப்பினை வரைகலை அட்டை என்போம். மாணவர் வழக்கிலே அது 'கிராபிக்ஸ் காட்'. கணினி விளையாட்டுகளின் பொருட்டு விலையுயர்ந்த அட்டையொன்றை வாங்கியவரிடத்தில் பழைய அட்டை மிஞ்சிவிடுகின்றது. அதனை எறிந்துவிடாமல் புதியதன் அருகிலேயே செருகிப் பயன்கொள்ள இயலுமா என்பது, காண்பதற்குச் சிறுபிள்ளைத்தனமான வினாவாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகள் வேறுபட்டே வந்துள்ளன. அவ்வேறுபாட்டினை நிர்ணயித்தது அட்டையின் வலிமையன்று. அதற்கு எத்தகைய வேலை பகிர்ந்தளிக்கப்பட்டது, அவ்வேலையைச் செய்ய அதற்கு யார் அனுமதி வழங்கினர் என்ற இரண்டுமே அதனை நிர்ணயித்தன. இக்கருத்தினை வரலாற்றுச் சான்றுகளோடு காட்டுவதே இங்கு நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

விளையாட்டுக் கணினியைப் பற்றிப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் ஒரு கட்டுரையா என வினவுவோரும் உளர். அவர்களுக்கு ஒன்று கூறலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளிலே இன்று காணப்படும் மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவை முழுதாக வாங்கப்பட்டவையல்ல. கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகவோ காவற் பணியாளராகவோ தொழில் பார்க்கும் தமையன் ஒருமுறை பெட்டியையும், மறுமுறை நினைவகத்தையும், பிறிதொரு முறை எவரோ கழித்துவிட்ட அட்டையையும் கொண்டுவந்து கூட்டிச் சமைத்தவை அவை. பழைய பொருள் புதியதோடு சேர்ந்து உழைக்குமா என்பது அவ்வீடுகளில் பொழுதுபோக்கு வினா அன்று. குடும்பச் செலவு பற்றிய வினாவாகும். விளையாட வாங்கிய அந்தக் கணினியிலேதான் வீட்டுப் பிள்ளை நிரலாக்கத்தையும் கற்கின்றது.

இயந்திரங்களைச் சேர்த்து உழைக்கச் செய்யும் முறைகள் இரண்டு. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையே இரண்டையும் கண்டிருக்கின்றது. முற்காலத்திலே தொழிற்சாலையின் கூரையடியில் நீண்டதொரு சுழல்தண்டு ஓடும். தேயிலையை அரைக்கும் உருளைகளும் உலர்த்தியும் சல்லடைகளும் வார்ப்பட்டிகள் மூலம் அத்தண்டிலிருந்தே தம் இயக்கத்தைப் பெற்றன. மழைக்காலத்தில் ஓடைநீரால் இயங்கும் சுழலி தண்டினைச் சுழற்றும். கோடையில் நீர் வற்றியபோது எண்ணெய் எஞ்சினின் துணை வேண்டியிருந்தது. பாரம் ஒன்று, அதனை இயக்குவன இரண்டு. இது முதலாவது முறை. பின்னர் தேசிய மின்விநியோகம் தோட்டங்களை எட்டியதும் சுழலிகள் பல கைவிடப்பட்டன. ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மோட்டார் பொருத்தப்பட்டது. உருளைக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என வேலை பிரிந்தது. ஒன்றின் வேகம் மற்றதன் வேகத்தோடு ஒத்திருக்கவேண்டிய தேவையும் நீங்கிற்று. இது இரண்டாவது முறை. இவ்விரு முறைகளையும் மனத்திலிருத்திக்கொண்டு கணினியின் வரலாற்றுக்குச் செல்வோம்.

இரண்டாவது அட்டை என்ற எண்ணம் விளையாட்டுக் கணினியிலே வேரூன்றியது 1996 ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1994 இல் நிறுவப்பட்ட த்ரீடிஎவ்எக்ஸ் என்னும் நிறுவனம் 'வூடூ கிராபிக்ஸ்' என்ற அட்டைக்குரிய சில்லுகளை ஆக்கியது. அக்காலத்து வரைகலை அட்டைகள் எழுத்துகளையும் தட்டையான படங்களையும் திரையிலே காட்டுவதற்கே அமைந்தவை. முப்பரிமாணக் காட்சிக்கு வேண்டிய கணக்குகளை மையச் செயலியே தன் தலையிற் சுமந்தது. வூடூவோ முப்பரிமாணம் ஒன்றையன்றி வேறெதனையும் செய்யவில்லை. எழுத்தைக் கூடத் திரையிலே காட்ட அதனால் இயலாது. ஆகவே பழைய அட்டை கணினியில் இருந்தேயாகவேண்டும். பழைய அட்டையின் வெளியீடு ஒரு சிறு வடத்தின் வழியாக வூடூவுக்குட் புகும். வூடூவிலிருந்து திரைக்குச் செல்லும். சாதாரண வேளைகளில் வூடூ தன்னூடு வருவதை அப்படியே கடத்திவிடும். விளையாட்டுத் தொடங்கியதும் பழையதைத் தடுத்துத் தன் படத்தைத் திரைக்கு அனுப்பும். ஓர்க்கிட் என்ற நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டையில் இம்மாற்றத்தை உண்மையான பொறிமுறைத் தொடுகைகளே செய்தன. விளையாட்டுத் தொடங்கும்போது பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்றொரு ஓசை எழும். கைமாறிய அதிகாரத்தைக் காதாற் கேட்கக்கூடியதாயிருந்தது.

இவ்வமைப்பு வெற்றிபெற்றமைக்குப் பொருளாதாரக் காரணமொன்றும் உண்டு. 1996 ஆம் ஆண்டிலே நினைவகச் சில்லுகளின் விலை பெரிதும் வீழ்ந்தது. நான்கு மெகாபைற்று நினைவகங்கொண்ட அட்டையை ஏறத்தாழ 300 டொலருக்கு விற்க அவ்வீழ்ச்சியே வழிசெய்தது. 1997 ஜனவரியில் 'குவேக்' என்னும் விளையாட்டின் முப்பரிமாண அட்டைகளுக்குரிய பதிப்பு வெளிவந்ததும் வூடூவின் பெயர் நிலைபெற்றது. நம் நோக்கில் முதன்மையானது வேறு. இங்கே பழைய அட்டைக்கு ஒரு வேலையும் புதிய அட்டைக்கு வேறொரு வேலையும் இருந்தன. பழையது எந்த நிறுவனத்தினுடையது, எவ்வளவு வேகமானது என்பதைப் பற்றி வூடூ கவலை கொள்ளவில்லை. இதனைத் தனித்தனி மோட்டார் முறை எனலாம்.

1998 இல் வந்த வூடூ 2 இதனோடு முதலாவது முறையையும் சேர்த்துக்கொண்டது. ஒரே வகையான இரு வூடூ 2 அட்டைகளை நாடாவடம் ஒன்றினால் இணைத்துவிட்டால், திரையின் ஒற்றைவரிசைக் கோடுகளை ஒன்றும் இரட்டைவரிசைக் கோடுகளை மற்றதும் வரையும். 'வரியிடை வரைதல்' என்ற பொருளில் இதற்கு எஸ்.எல்.ஐ. என்று பெயரிட்டனர். ஒன்றால் 800க்கு 600 படப்புள்ளிகள் வரையிலேயே முப்பரிமாணக் காட்சி காட்டக் கூடியதாயிருக்க, இரண்டும் கூடி 1024க்கு 768 வரை காட்டின. வழமையான அட்டையையும் சேர்த்தால் ஒரே கணினியில் மூன்று அட்டைகள்! செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நெய்தற்றறியில் ஊடும் பாவும் போலக் கோட்டுக்குக் கோடு வேலை பங்கிடப்பட்டமையால், ஒரே படத்தின் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒரே சுமையுடையனவாய் அமைந்தன. பிற்காலத்து முறைகளோடு ஒப்பிடுகையில் இதன் எளிமை பாராட்டற்பாலது.

இந்த முதலாவது பருவம் விரைவிலே முடிந்தது. இருபரிமாணமும் முப்பரிமாணமும் ஒரே சில்லில் அடங்கின. அத்தோடு வரைகலைக்கெனத் தனியாக வகுக்கப்பட்ட ஏ.ஜி.பி. என்னும் செருகுவாய் 1997 முதல் கணினிகளில் இடம்பெறலாயிற்று. தாய்ப்பலகையில் அது ஒன்றே இருந்தது. இரண்டாவது அட்டைக்கு இருக்கை இல்லாமற் போயிற்று எனலாம். 1993 இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலச்சோவ்ஸ்கி, கேர்ட்டிஸ் பிறீம் ஆகிய மூவரால் நிறுவப்பட்ட என்விடியா 1999 இல் ஜீபோர்ஸ் 256 என்ற சில்லை வெளியிட்டது. 2000 டிசம்பரில் த்ரீடிஎவ்எக்ஸின் உடைமைகளையே அது விலைக்கு வாங்க உடன்பட்டது. எஸ்.எல்.ஐ. என்ற மூன்றெழுத்தும் அவ்வுடைமைகளுள் அடங்கியிருந்தது. இடையில் ஏ.டி.ஐ. நிறுவனம் 1999 இல் ஒரே அட்டையில் இரு சில்லுகளைப் பதித்து 'றேஜ் பியூரி மக்ஸ்' என வெளியிட்டது. விண்டோஸ் 98 இல் இரண்டும் உழைத்தன; விண்டோஸ் 2000 வந்தபோது இரண்டாவது சில்லை உழைக்கச் செய்யும் இயக்கி மென்பொருள் கிடைக்கவில்லை. சில்லு பழுதாகவில்லை, அட்டையிலே பொருத்தியபடியேதான் இருந்தது. அதனை அழைப்பார் இல்லை. இது பின்னர் பன்முறை நிகழப்போகும் ஒன்றின் முன்னறிகுறியாகும்.

2004 ஆம் ஆண்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற புதிய செருகுவாய் வந்தது. ஒரே பலகையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய செருகுவாய்களை அமைக்க அது இடங்கொடுத்தது. அவ்வாண்டே என்விடியா எஸ்.எல்.ஐ. என்ற பழைய எழுத்துகளுக்குப் புதிய விரிவு கற்பித்து இரட்டை அட்டை முறையை மீண்டும் அறிமுகஞ் செய்தது. 2005 இல் ஏ.டி.ஐ. தன் 'குரொஸ்பயர்' முறையோடு போட்டிக்கு வந்தது. அந்நிறுவனத்தை 2006 இல் ஏ.எம்.டி. வாங்கிற்று. வரைகலை வரலாற்றை எழுதுவோர் பலர் இப்பருவத்தையே இரட்டை அட்டையின் பொற்காலம் என்பர். என் கருத்தில் அது விளம்பரத்தின் பொற்காலமே.

ஏனெனில் என்விடியாவின் முறையில் இரு அட்டைகளும் ஒரே வகைச் சில்லைக் கொண்டிருக்கவேண்டும். வேறு வகையான பழைய அட்டை ஒருவரிடம் மிஞ்சியிருந்தால் அதனால் பயனில்லை. இன்னும் ஒன்று அதே மாதிரி வாங்கவேண்டும். குரொஸ்பயர் இவ்விடயத்திற் சற்றுத் தாராளமானது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேறுபட்ட அட்டைகளை அது ஏற்றது. தாய்ப்பலகையும் என்விடியாவின் அனுமதி பெற்றதாயிருத்தல் வேண்டும். இன்டெல்லின் எக்ஸ் 58 பலகைகளில் 2008 இல் எஸ்.எல்.ஐ. கிடைத்தபோதும், பலகை தயாரிப்போர் உரிமச் சான்று பெற்று அதன் அடையாளத்தைப் பலகையின் அடிநிலை மென்பொருளிற் பதிக்கவேண்டியிருந்தது. அவ்வடையாளம் இல்லாவிடின், செருகுவாய்கள் இரண்டிருந்தும், அட்டைகள் இரண்டிருந்தும், இயக்கி மென்பொருள் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளாது.

பெரும்பாலும் கையாளப்பட்ட வேலைப் பங்கீடோ ரம்புக்கனை முறையிலும் சிக்கலானது. திரைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு முழுப்படத்தையும் சட்டகம் என்பர். முதலாஞ் சட்டகத்தை ஓர் அட்டையும் இரண்டாஞ் சட்டகத்தை மற்றதும் என மாறிமாறி வரைவதே அம்முறை. செக்கனுக்கு 30 சட்டகங்கள் 60 ஆயின என்று எண்ணிக்கை காட்டும். ஆனால் இரு சட்டகங்கள் அடுத்தடுத்து விரைந்து வந்து, பின்னர் நீண்ட இடைவெளி நேர்ந்தால், கண்ணுக்கு அது 60 ஆகத் தோன்றாது. முன் எஞ்சினும் பின் எஞ்சினும் கதி பிசகியபோது பெட்டிகள் குலுங்கியது போலவே காட்சியும் நுண்ணியதாகத் துள்ளிற்று. 2011 தொடக்கம் 2013 வரையில் சட்டகங்களின் சராசரி எண்ணிக்கையை விடுத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கும் முறையைத் தொழில்நுட்ப எழுத்தாளர்கள் வகுத்தபோதுதான் இக்குறை ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. 2013 ஓகஸ்டில் ஏ.எம்.டி. தன் இயக்கி மென்பொருளிலே சட்டகங்களின் கதியைச் சீர்செய்யும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அளவுகோல் மாறினாலன்றிக் குறை புலப்படாது என்பதற்கு இது நல்ல சான்று.

நினைவகத்திலும் ஏமாற்றமே. இரு அட்டைகளும் ஒரே காட்சியை வரைவதால் காட்சிக்குரிய தரவுகள் இரண்டிலும் படியெடுத்து வைக்கப்படவேண்டும். ஒரு கிகாபைற்று கொண்ட இரண்டு சேர்ந்தால் இரண்டு ஆவதில்லை, பயன்பாட்டில் ஒன்றே. காலப்போக்கில் விளையாட்டு ஆக்குவோர் முந்திய சட்டகத்தின் தகவலைக் கொண்டு அடுத்த சட்டகத்தை மெருகூட்டும் உத்திகளைப் பரவலாகக் கையாளத் தொடங்கினர். முந்திய சட்டகம் மற்ற அட்டையில் இருக்கும்போது ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கவேண்டியதாயிற்று. இரட்டை அட்டையின் பயன் இங்கேயே பெரிதும் கரைந்தது. 2015 இல் விண்டோஸ் 10 உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12, எந்நிறுவனத்தின் அட்டைகளையும் கலந்து பயன்படுத்தும் வழியை விளையாட்டு ஆக்குவோரின் கையிலேயே கொடுத்தது. 'ஆஷஸ் ஒவ் த சிங்குலாரிட்டி' என்ற விளையாட்டில் ஏ.எம்.டி. அட்டையும் என்விடியா அட்டையும் ஒருங்கே உழைத்துக் காட்டின. ஆனால் உரிமை வந்ததோடு உழைப்பும் ஆக்குவோர் தலையில் விழுந்தது. வெகுசிலரே அதனை ஏற்றனர். 2016 இல் என்விடியாவின் நடுத்தர அட்டையான ஜி.டி.எக்ஸ். 1060 இல் எஸ்.எல்.ஐ. இணைப்பு நீக்கப்பட்டது. 2020 இல் வந்த வரிசையிலே ஆர்.டி.எக்ஸ். 3090 ஒன்றுக்கே அது எஞ்சிற்று. 2021 ஜனவரி முதல் பழைய அட்டைகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. அமைவுகளை இயக்கி மென்பொருளிற் சேர்ப்பதில்லை என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரே பாரத்துக்கு இரண்டு எஞ்சின் என்ற முறை விளையாட்டுக் கணினியைப் பொறுத்தவரை அவ்வாறு முடிவுக்கு வந்தது.

இதற்கிணையாக இன்னொரு மரபும் ஓசையின்றி வளர்ந்துகொண்டிருந்தது. ஏஜியா என்னும் நிறுவனம் 2006 இல் 'பிசிக்ஸ்' எனப் பெயரிய அட்டையொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது எப்படத்தையும் வரைவதில்லை. கண்ணாடி உடைந்து சிதறுவதையும் துணி காற்றில் அசைவதையும் புகை பரவுவதையும் பௌதிக விதிகளின்படி கணிப்பதே அதன் தொழில். வூடூவின் பின் பத்தாண்டுகள் கழித்துத் தனிவேலைக்குத் தனியட்டை மீண்டும் தோன்றிற்று. தனியாக விற்றபோது அதனை வாங்கியோர் சிலரே. 2008 இல் என்விடியா அந்நிறுவனத்தை வாங்கி, அதே கணிப்பைத் தன் சாதாரண அட்டைகளே செய்யுமாறு இயக்கி மென்பொருளை மாற்றியது. விளைவு எதிர்பாராதது. புதிய அட்டை படத்தை வரைய, பெட்டியில் உறங்கிக்கிடந்த பழைய ஜீபோர்ஸ் பௌதிகக் கணிப்பைச் செய்யலாம் என்றாயிற்று. இரண்டும் ஒரே வகையாயிருக்கவேண்டியதில்லை. இணைப்பு வடம் வேண்டியதில்லை. உரிமம் பெற்ற பலகையும் வேண்டியதில்லை. 'மிச்சமான அட்டை' என்பதற்கு முதன்முறையாக முறையான ஒரு வாழ்வு கிடைத்தது.

அவ்வாழ்வும் முழுமையாக நிலைக்கவில்லை. படம் வரைவதற்கு ஏ.டி.ஐ. அட்டையையும் பௌதிகத்துக்குப் பழைய ஜீபோர்ஸையும் பலர் இணைத்து வைத்திருந்தனர். 2009 இல் வெளியான இயக்கி மென்பொருள், வேறு நிறுவனத்தின் வரைகலை அட்டை கணினியில் இருப்பதைக் கண்டதும் பிசிக்ஸ் வசதியை நிறுத்திவிட்டது. ஆக்கச் செலவு, தர உறுதிப்பாடு, வணிக நோக்கு என்பன அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. முந்திய நாள்வரை உழைத்த அட்டை மறுநாள் உழைக்கவில்லை. 'பெற்மான்: ஆர்க்கம் அசைலம்' வெளிவந்து பிசிக்ஸின் புகழ் உச்சத்திலிருந்த ஆண்டு அது. பயனாளர்கள் தாமே இயக்கி மென்பொருளைத் திருத்தித் தடையை நீக்கிக்கொண்டனர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. கழித்த பொருளிலும் தனக்கு அதிகாரம் உண்டு என விற்றவர் கூறும்போது, உடைமை என்பதன் பொருள்தான் யாது? சட்டம் பயிலும் நண்பர்கள் ஆராயவேண்டிய வினா இது.

தனிவேலைக்குத் தனியட்டை என்ற மரபு மிகப் பரவலாக வெற்றிகண்ட இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது மடிக்கணினி. 2010 இல் என்விடியா 'ஒப்டிமஸ்' என்ற ஏற்பாட்டைக் கொணர்ந்தது. விளையாட்டுக்குரிய காட்சியை வலிய சில்லு வரையும். வரைந்த சட்டகத்தை மையச் செயலியோடு இணைந்த சிறிய வரைகலைப் பகுதிக்கு அனுப்பும். அச்சிறியதே திரையில் அதனைக் காட்டும். விளையாட்டு முடிந்ததும் வலியது உறங்கிவிடும். வரைபவர் ஒருவர், காட்டுபவர் வேறொருவர் என்ற இப்பிரிவினையே இன்றைய துணை அட்டைப் பயன்பாட்டுக்கும் அடிப்படையாகின்றது. விண்டோஸ் 10 இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து, எந்தச் செயலிக்கு எந்த வரைகலைச் சில்லு என்பதைப் பயனாளரே அமைப்புகளிற் குறித்துவைக்கலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது மே மாதமளவில் 350 ஐக் கடந்தது. மார்ச் இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. புதிய வரைகலை அட்டை ஒன்றின் விலை, தோட்டத்திலே நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு எண்ணிப்பார்க்கவும் இயலாததாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 15 ஆம் திகதி உலகின் வேறொரு மூலையில் நிகழ்ந்த மாற்றம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்தது. ஈத்தீரியம் என்னும் எண்மிய நாணயம், வரைகலை அட்டைகளைக் கொண்டு 'அகழும்' முறையை அன்று கைவிட்டது. இரவு பகலாக உழைத்த அட்டைகள் ஏராளமாகப் பழம்பொருட் சந்தைக்கு வந்தன. பலாங்கொடையிலோ தெரணியகலையிலோ உள்ள ஒரு மாணவனின் கைக்கு இரண்டாவது அட்டை வந்துசேரும் வழி இத்தகையது. மாணிக்கம் அகழும் இரத்தினபுரியிலே, நாணயம் அகழ்ந்து களைத்த அட்டைகளும் விலைபோகின்றன என்பது சுவையான முரண்.

அவ்வாறு வந்த அட்டையைச் செருகுமுன் சில நோக்கற்பாலன. சாதாரணத் தாய்ப்பலகையில் நீளமான செருகுவாய் இரண்டிருப்பினும், இரண்டாவதில் நான்கு தரவுத்தடங்களே இணைக்கப்பட்டிருத்தல் பெருவழக்கு. பௌதிகக் கணிப்புக்கோ இரண்டாந் திரைக்கோ அது போதும். செருகுவாய் தன்னூடாக 75 வாற்று வரையிலேயே மின்வலுவை வழங்கும். 2014 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. 60 வாற்றிலும், 2017 இல் வந்த ஜி.டி. 1030 ஏறத்தாழ 30 வாற்றிலும் உழைப்பன. தனி மின்வடம் கேளாதவை. துணைக்கு இத்தகையவையே ஏற்றன. 250 வாற்று உண்ணும் பழைய பேரட்டையைத் துணைக்கு வைப்பவர், மின்வழங்கியையும் மாற்ற நேரிடும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. வெப்பமும் ஒரு சிக்கல். மேலட்டையின் விசிறி காற்றை உள்ளிழுக்கும் இடத்தைக் கீழட்டை மறைத்துவிட்டால், துணையாக வந்தது சுமையாகிவிடும். களுகங்கைப் பள்ளத்தாக்கின் ஈரப்பதமும் தகரக்கூரையின் வெம்மையும் அறிந்த நம்மவர், பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றிவைத்து மேசைவிசிறியைத் திருப்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது நூல்களிற் கூறப்படாத முறையாயினும் பலன் தருவதே.

2024, 2025 ஆம் ஆண்டுகளிலே துணை அட்டைக்குப் புதியதொரு பணி வாய்த்தது. இரு உண்மைச் சட்டகங்களுக்கு நடுவே கற்பனையான சட்டகமொன்றைக் கணித்துச் செருகும் மென்பொருள்கள் பரவின. 'லொஸ்லெஸ் ஸ்கேலிங்' என்பது அவற்றுள் மலிவானது. எந்த நிறுவனத்தின் அட்டையிலும் இயங்குவது. ஒரே அட்டை வரைதலையும் இடைச்சட்டகம் கணித்தலையும் சேர்த்துச் செய்யும்போது வரைதல் தளர்கின்றது. ஆகவே வரைவதைப் புதிய அட்டைக்கும் இடைச்சட்டகத்தைப் பழையதற்கும் பங்கிடலாயினர். திரையின் வடத்தைத் துணை அட்டையிலே செருகவேண்டும் என்பதே இதன் சூட்சுமம். முதலட்டை வரைந்த சட்டகங்கள் செருகுவாய் வழியே துணைக்குச் சென்று, இடைச்சட்டகங்களோடு கூடித் திரைக்குப் போகும். 1996 இல் சிறு வடமொன்று செய்த வேலையைத் தாய்ப்பலகையின் தரவுத்தடங்கள் செய்கின்றன. இரண்டாவது செருகுவாய் ஒடுக்கமாயின் அங்கே நெரிசல் உண்டாகும் என்பதையும் மறத்தலாகாது. இம்முறையைச் சிலர் மிகைப்படப் புகழ்வது பொருந்தாது. அடுத்த உண்மைச் சட்டகம் வரும்வரை காத்திருந்தே இடைச்சட்டகம் கணிக்கப்படுவதால், கை அசைவுக்கும் காட்சிக்கும் இடையிலான தாமதம் கூடுகின்றது. செக்கனுக்கு 20 சட்டகங்களே வரையமாட்டாத அட்டையை இது காப்பாற்றாது. 50, 60 வரையக்கூடியதன் காட்சியை மென்மையாக்கும், அவ்வளவே.

மொழி மாதிரிகளை வீட்டுக் கணினியில் இயக்க முனையும் மாணவர்க்கு இன்னொரு பயனும் உண்டு. மாதிரியின் அடுக்குகளைப் பிரித்து இரண்டு அட்டைகளின் நினைவகங்களில் வைக்கலாம். எஸ்.எல்.ஐ. முறையில் கூடாத நினைவகம் இங்கே கூடுகின்றது. வேலை வேறுவேறாகப் பிரிந்தமையே காரணம்.

2025 ஜனவரியில் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையை வெளியிட்டபோது, 32 பிற்று மென்பொருள்களுக்கான பழைய கணிப்பு வசதியை அதிலிருந்து நீக்கியது. 'மிரர்ஸ் எட்ஜ்', 'போர்டர்லாண்ட்ஸ் 2' போன்ற விளையாட்டுகளின் பிசிக்ஸ் காட்சிகள் அவ்வசதியை நம்பியிருந்தவை. உலகின் மிக வலிய அட்டையை வாங்கியவரின் திரையிலே, பத்தாண்டுக்கு முந்திய விளையாட்டில் கண்ணாடி உடையும்போதெல்லாம் காட்சி தடுமாறிற்று. கணிப்பு மையச் செயலியின் தலையில் விழுந்தமையே காரணம். அவ்வேளையில் பலர் தேடிச் சென்றது இருப்பிற் கிடந்த பழைய ஜீபோர்ஸ் அட்டைகளையே. இரண்டாவது செருகுவாயிற் செருகிப் பௌதிகப் பணியை அதற்கு ஒதுக்கியதும் தடுமாற்றம் நீங்கியது. பயனாளரின் முறையீடுகள் தொடர்ந்தபின், 2025 டிசம்பரில் வெளியிட்ட இயக்கி மென்பொருளிலே அந்நிறுவனம் குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கு மட்டும் அவ்வசதியை மீளவும் அளித்தது. அப்பட்டியலிற் சேராத பழைய விளையாட்டுகளை விரும்புவோரின் கணினியில் துணை அட்டை இன்னும் கழற்றப்படவில்லை.